எர்குல் என்ற காளையை நான் தெரிவு செய்தது

1

எங்கள் வீட்டுத் தபால் பெட்டியை நான் எப்போதும் பயத்தோடுதான் திறப்பேன். பிரான்சில் கடிதம் வந்தால் அது ஏதாவது ஒரு பத்திரத்தைக் கேட்கும். கேட்ட பத்திரத்தை அனுப்பினால், அதை அனுப்பியதற்கு இன்னொரு பத்திரம் கேட்கும். 2019ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தபோது உள்ளே தடித்த புத்தகம் ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றது. அட்டையில் பால்வெள்ளை நிறத்தில் ஒரு காளை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பின்பக்கத்தைத்தான் படம் பிடிக்கக் கொடுத்திருந்தது.

நாங்கள் இருப்பது பாரிசின் புறநகரான எபினேயில், நாலாம் மாடியில். புத்தகத்தை மேசையில் வைத்ததும் என் மனைவி சாந்தா எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது? இறைச்சிக்கடை விளம்பரமோ?"

"இல்லை. மாப்பிள்ளை பாக்கிற புத்தகம்."

"ஆருக்கு?"

"பிள்ளையின்ரை நாகுகளுக்கு."

அவள் ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போனாள். பிறகு பாத்திரங்கள் பேசின.

நாகு என்றால் இன்னும் கன்று ஈனாத இளம் பசு. தமிழ்நாட்டு நண்பர்கள் கிடேரி என்பார்கள். பிள்ளை என்றது எங்கள் ஒரே மகள் அபி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பாரிசுக்குத் தெற்கே, இரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டிய நியேவ்ர் என்ற பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறாள். பாலுக்கு வளர்க்கும் மாடுகள் என்றால் சாந்தா, பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாள். இவை இறைச்சி மாடுகள். சொந்தக்காரர் கேட்டால், "மிருக வைத்தியம் மாதிரி ஒண்டு படிச்சவ" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

அந்த மகள்தான் முதல் நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "அப்பா, ஒரு புத்தகம் வரும். நாம்பன்களின்ரை கத்தலோக். எனக்கு ஒண்டைப் பாத்துச் சொல்லுங்கோ." நாம்பன் என்றால் காளை.

என் மகள் என்னிடம் எதையாவது கேட்டு எத்தனை வருடம் என்று யோசித்துப் பார்த்தேன். சரியாக ஞாபகம் வரவில்லை.

2

என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், அது என் பழைய தொழில். வன்னியில் கால்நடை வைத்தியர் கந்தோரில் நான் சினைப்படுத்தும் உத்தியோகத்தர். திரவ நைதரசன் நிரம்பிய குடுவையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவேன். ஊசி என்றுதான் சொல்வோம். உண்மையில் அது வைக்கோல் தண்டு போன்ற மெல்லிய குழாய். "ஊசிக்காரத் தம்பி" என்றால் ஆறு கிராமத்தில் என்னைத் தெரியும்.

இந்தச் சொல்லால் எனக்கு இங்கே ஒரு வில்லங்கம் வந்தது. அகதி விண்ணப்ப விசாரணையில் தொழில் என்ன என்று கேட்டார்கள். "ஊசி போடுறது" என்றேன். மொழிபெயர்த்தவர் ஒரு நொடி யோசித்துவிட்டு ஏதோ சொன்னார். விசாரித்த பெண்மணி மரியாதையாகத் தலையாட்டினார். பல மாதங்கள் கழித்துக் கோப்பின் பிரதி கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, நான் ஆண் தாதியாகிவிட்டேன். திருத்தக் கேட்டேன். திருத்துவதற்கு, நான் தாதி அல்ல என்பதை நிரூபிக்கும் பத்திரம் வேண்டும் என்றார்கள். தாதியாக இல்லாததற்கு எந்த ஊரில் பத்திரம் தருவார்கள்? விட்டுவிட்டேன்.

2001இல் நான் புறப்பட்டபோது அபி தவழ்ந்துகொண்டிருந்தாள். நிராகரிப்பு, மேன்முறையீடு, மறுபடியும் நிராகரிப்பு என்று இழுபட்டு 2009இல்தான் பத்து வருட வதிவிட அட்டை கிடைத்தது. அந்த வருடத்தில் எங்களில் யாருக்கும் எதற்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, லாச்சப்பலில் கூட்டமாக நின்று அழுதவர்களோடு நானும் நின்றேன். அடுத்த வருடம் மனைவியும் மகளும் கொழும்பிலிருந்து வந்தார்கள். விமான நிலையத்தில் என்னைக் கண்ட அபி, "இவர்தான் போன் அப்பாவோ?" என்று தாயைக் கேட்டாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

அட்டை தந்து பத்து வருடம் முடிந்து, புதுப்பிக்கக் கடிதம் வந்த அதே மாதத்தில்தான் காளைப் புத்தகமும் வந்தது. அட்டை தரும் அரச அலுவலகமான பிரிபெக்சருக்குக் கொண்டுபோகும் பத்திரங்கள் மடியாமல் இருக்க அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வைத்தேன். இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அப்படி வைத்ததால்தான் என் பிழை பிடிபட்டது.

3

படிக்காத பிள்ளையை எங்கள் ஆட்கள் எப்படித் திட்டுவார்கள்? "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு." சாந்தா இந்த வசனத்தை அபிக்கு வாரத்தில் இரண்டு தரமாவது சொல்லியிருப்பாள். பிள்ளை திட்டுக்குப் பயந்து கவனமாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு மாடு மேய்க்கப் போகிறேன் என்றாள். இந்த நாட்டில் மாடு மேய்ப்பதற்கும் படிக்கவேண்டும், சோதனை எழுதவேண்டும், சான்றிதழ் வாங்கவேண்டும் என்பது சாந்தாவுக்கு அன்றுவரை தெரியாது. எனக்கும் தெரியாது.

பாடசாலையிலிருந்து ஒரு கிழமை பண்ணைக்குக் கூட்டிப்போனார்களாம். அங்கே ஒரு பசு இவளுடைய சட்டைக்கையை நக்கியதாம். அவ்வளவுதான் காரணம். நான் ஆறு கிராமத்துப் பசுக்களோடு வாழ்ந்தவன். ஒரு பசு நக்கியதற்காக வாழ்க்கையைத் திருப்புகிறவர்களை அங்கே கண்டதில்லை. யாரிடமிருந்து இந்தக் குணம் வந்தது? சாந்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பாரிசில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் பதினைந்து வருடமாக அடுப்படியில் நிற்கிறேன். என் வேலை இறைச்சி வாட்டுவது. விலைப்பட்டியலில் "ஷரொலே" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அபி வளர்க்கும் வெள்ளை மாட்டினத்தின் பெயர் அதுதான். நான் மாட்டிறைச்சி தொடாத சைவன். வாயால் தொடாதவன் என்று சொல்லவேண்டும். கையால் ஒரு நாளைக்கு அறுபது துண்டு திருப்புகிறேன். வீட்டுக்கு வந்து முழுகின பிறகுதான் சாமித்தட்டுக்குக் கிட்டப் போகலாம் என்பது சாந்தாவின் சட்டம். மகள் வளர்ப்பதும் தகப்பன் வாட்டுவதும் ஒரே மாடு என்றால் பாவம் யாருடைய கணக்கில் ஏறும்? கோயில் ஐயரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் வேறு ஒருவருக்கு அர்ச்சனை செய்யப் போய்விட்டார்.

பண்ணைக்காரரின் பெயர் ழெரார். அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் இல்லை. பண்ணையை யாருக்காவது கொடுத்துவிட்டு ஓய்வெடுக்க நினைத்தார். அபியிடம் அவர் ஏழு நாகுகளைக் காட்டி, "இவை உன் பொறுப்பு. காளையை நீயே தெரிவு செய். முதல் ஈற்று எப்படிப் போகிறது என்று பார்ப்போம். நன்றாகப் போனால் உன்னைப் பங்காளியாகச் சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம்" என்றாராம்.

ஆகவே அது ஏழு நாகுகளின் கதை மட்டும் இல்லை. ஒரு நாகு ஈற்றில் செத்தாலும் என் பிள்ளை அங்கே கூலிக்கு மாடு பார்ப்பவளாகவே இருந்துவிடுவாள்.

4

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்துக்கு ஒரு காளை. மேலே படம், நடுவில் தகப்பன் பெயரும் தாயின் தகப்பன் பெயரும், கீழே கட்டம் கட்டமாக இலக்கங்கள்.

எங்கள் ஊரில் மாடு பார்ப்பவர் முதலில் முகத்தைப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். நெற்றியில் எத்தனை சுழி, முதுகில் எந்த இடத்தில் சுழி என்று தடவிப் பார்த்துவிட்டு, குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார். இந்தப் புத்தகத்தில் ஒரு காளைக்கும் முகமே இல்லை. எல்லாம் பின்பக்கம். இறைச்சி எங்கே இருக்கிறதோ அங்கேதான் படம் பிடித்திருக்கிறார்கள். சுழி தேடி நான் பூதக்கண்ணாடி எடுத்ததைச் சாந்தா கண்டுவிட்டு, "தானம் குடுத்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாம், இதுகளின்ரை பல்லும் தெரியேல்லையே" என்றாள். குசினிக்குள் போன பிறகு அன்றைக்கு அவள் பேசிய ஒரே வசனம் அது.

அபிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எதைப் பாத்துத் தெரிவு செய்யிறது பிள்ளை? பாலுக்கெண்டால் எனக்குத் தெரியும். இது இறைச்சி."

"அப்பா, இதுகள் முதல் கண்டு ஈனப்போற நாகுகள். கண்டு சுகமாய் வரவேணும். அதுதான் முக்கியம். சதையைப் பிறகு பாப்பம்."

இது எனக்கும் தெரிந்த பாடம். முதல் ஈற்றுக்கு இடுப்பெலும்பு இன்னும் விரிந்திருக்காது. பெரிய கன்று வந்தால் தாயும் போகும், கன்றும் போகும்.

"சரி. ஈனுறதுக்கு இவங்கள் என்ன சொல்லுறவங்கள்?"

"வெலாஜ்."

"வெ... லாஜ்."

"ஓம். நூறுக்கு மேலை இருந்தால் நல்லது. கீழை போனால் கவனம்."

தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். கட்டங்களில் தேடினேன். வெலாஜ் இருந்தது. அதற்கு மூன்று கட்டம் முன்னால் "நெசோன்ஸ்" என்று இன்னொன்றும் இருந்தது. அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிறப்பு. பிறந்த திகதி, பிறந்த இடம், பிறப்புச் சான்றிதழ். இந்த நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் வரியில் நிற்கும் சொல். என் பிறப்பை நான் இவர்களுக்கு எத்தனை நூறு தரம் எழுதிக் கொடுத்திருப்பேன்! காளையிடமும் பிறப்பு விபரம் கேட்டிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.

மூன்று திங்கட்கிழமை இருந்து பார்த்தேன். வெலாஜ் கட்டத்தில் எல்லாரையும்விட உயரத்தில் நின்றது எர்குல் என்ற காளை. பெயரும் பிடித்தது. எனக்கு அது ஏர்க்கால் என்று கேட்டது, உழவுக்குப் பொருத்தமான பெயர்.

"எர்குல்" என்று அபியிடம் சொன்னேன்.

"எர்குலோ?" என்றாள். "வடிவாய்ப் பாத்தீங்களோ அப்பா?"

"நான் பாக்காமல் வேற ஆர் பாக்கிறது?"

"சரி அப்பா. மெர்சி."

மார்கழியில் ஊசி போட்டாயிற்று, எல்லா நாகும் சினை பிடித்தாயிற்று என்று செய்தி வந்தது. நான் உணவகத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

5

கொரோனா வந்து உணவகம் பூட்டி, மறுபடியும் திறந்த ஆனி மாதத்தில் முதல் திங்கட்கிழமை லாச்சப்பலுக்குப் போனேன். வதிவிட அட்டை இன்னும் வரவில்லை. ஏதோ கடிதம் வந்திருந்தது. கடிதம் விளங்காவிட்டால் நான் போவது மிசியே சவரியிடம். புதுச்சேரிக்காரர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேநீர்க் கடையில் ஒரு மூலை மேசை அவருடையது. பிரெஞ்சை எழுத்தெண்ணிப் படித்தவர்.

காளைப் புத்தகத்துக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கடிதத்தை ஒரு பார்வையில் முடித்தார்.

"ஒண்ணும் இல்ல மிசியே, போட்டோ மங்கலா இருக்காம், வேற கேக்குறான். அது இன்னா புக்கு?"

பெருமையாகச் சொன்னேன். எர்குலின் பக்கத்தைத் திறந்து, வெலாஜ் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் பின் பக்கங்களைப் புரட்டி, சின்ன எழுத்தில் இருந்த விளக்கத்தை உதடு அசைய வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மிசியே, நீங்க தப்பா பாத்துட்டீங்க போல இருக்கு. வெலாஜ்னா, இந்தக் காளைக்குப் பொறக்குற பொட்டைக் கன்னுங்க பின்னால வளந்து, அதுங்க கன்னு போடறப்போ லேசா போடுமாங்குறது. இப்ப வயித்துல இருக்குற கன்னு லேசா வெளிய வருமாங்குறது இந்தக் கட்டம். நெசோன்ஸ்."

"அது பிறந்த திகதி இல்லையோ?"

"அய்யய்யோ, இல்ல."

"நெசோன்ஸிலை எர்குல் எப்பிடி?"

"ரொம்பக் கம்மி. இங்க ஓரமா போட்டுருக்கான் பாருங்க, மொதல் ஈத்துக்கு வேணாம்னு. எர்குல்னாலே பயில்வான் மிசியே."

தேநீர் ஆறிப்போனது. வெளியே லாச்சப்பல் சனம் முகக்கவசத்தோடு முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றது. ஏழு நாகுகள், ஏழு வயிற்றிலும் பயில்வான் பிள்ளைகள். படிவம் நிரப்பி நிரப்பி ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தத்தைப் படித்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் என் பிள்ளையின் வாழ்க்கையில் போட்டுவிட்டேன்.

6

உடனே தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஆனி போனது, ஆடி போனது. ஒவ்வொரு முறையும், "நாகுகள் எப்பிடி?" என்று கேட்பேன். "நல்லாய் இருக்கு" என்பாள். வைத்துவிடுவேன். சொல்லி இனி என்ன, வயிற்றிலிருப்பதைத் திருப்பி எடுக்கவா முடியும் என்று ஒரு பக்கம். சொல்லாவிட்டால் அவள் ஆயத்தமில்லாமல் இருப்பாளே என்று மறுபக்கம். இறைச்சி வாட்டும்போது இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டேன்.

சொல்லாமல் விடுவது எனக்குப் புதிதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே முதல் தரம் எழுதுகிறேன். வன்னியில் பரமேஸ் அக்கா என்று ஒருவர். புருஷன் இல்லை. ஒரே ஒரு நாகு, ஊர் மாடு, சின்ன உடம்பு. சினைக்குக் கத்துகிறது என்று ஆள் அனுப்பினார். போரில் பாதை பூட்டி நைதரசன் வராமல் என் குடுவை வற்றிக்கொண்டிருந்த காலம். மிச்சம் இருந்தது ஒரே ஒரு குழாய், பிறீசியன் என்ற பெரிய சீமை இனக் காளையினுடையது. "தம்பி, இது சின்ன உடம்பெல்லே, தாங்குமோ?" என்று அவர் கேட்டார். இருப்பது வீணாகிப் போகுமே என்ற எண்ணத்தில் "தாங்கும் அக்கா" என்றேன். தாங்கவில்லை. கன்று வெளியே வராமல் நாகு செத்தது. "ஏன் தம்பி இப்பிடி?" என்று கேட்டவரிடம், "அது அதின்ரை விதி அக்கா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அவர் என்னை நம்பி, அந்த வெயிலில் எனக்குத் தண்ணீர் செம்பு எடுத்து வரப் போயிருந்தார்.

ஆவணியில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, இரயில் மேடையில் நின்றபடியே அபிக்கு எடுத்துவிட்டேன்.

"அபி, எர்குல் பிழை பிள்ளை. நான் கட்டத்தை மாறிப் பாத்திட்டன்."

"தெரியும் அப்பா."

"என்ன தெரியும்?"

"ஊசி போட வந்தவர் எர்குல் எண்டதும் நோன், நோன், முதல் ஈத்துக்கு வேண்டாம் எண்டவர். எனக்கு அப்பதான் விளங்கினது. நான் உங்களுக்கு வெலாஜ் எண்டு சொன்னதுதான் பிழை. ஆறுக்கு வேற நாம்பன் போட்டது."

சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. எட்டு மாதமாக என்னை ஏமாற்றியிருக்கிறாள். இரண்டு மாதமாக நான் அவளை ஏமாற்றியிருக்கிறேன்.

"ஏழாவதுக்கு?"

"அது நல்ல அகல இடுப்பு அப்பா."

"அபி! ஏழாவதுக்கு?"

"எர்குல்."

"உனக்கென்ன விசரோ? தெரிஞ்சுகொண்டு ஏன் போட்டனி?"

கொஞ்ச நேரம் பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு தமிழில் வந்தாள்.

"சின்னனிலை இருந்து எனக்கெண்டு நீங்கள் ஒண்டும் பாத்துத் தந்ததில்லை. சட்டை, பள்ளிக்கூடம், எல்லாம் அம்மா. இது ஒண்டுதான் நீங்களாய்ப் பாத்துச் சொன்னது. ஒண்டுக்காவது போடாமல் விட எனக்கு மனம் வரேல்லை."

"ழெராருக்குத் தெரியுமோ?"

"நான்தான் தெரிவு செய்தனான் எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம்."

என் இரயில் வந்து, கதவு திறந்து, மூடி, போய்விட்டது. நான் மேடையிலேயே நின்றேன்.

7

புரட்டாதியில் ஆறு நாகும் வரிசையாகச் சுகமாக ஈன்றன. இதில் ஒரு விசேஷம் நடந்தது. மாட்டுப் பேச்சென்றால் குசினிக்குள் போகும் சாந்தா, ஒவ்வொரு கன்றுக்கும் தொலைபேசியைப் பறித்துக் கேட்கத் தொடங்கினாள். "என்ன கண்டு? நாம்பனோ, பொம்பிளையோ?" காரணம் இருந்தது. பொம்பிளைக் கன்று என்றால் பண்ணையிலேயே வளர்ந்து தாயாகும். நாம்பன் என்றால் ஒன்பது பத்து மாதத்தில் லொறி வரும். இத்தாலிக்குக் கொண்டுபோய்க் கொழுக்க வைத்து வெட்டுவார்கள். அபி ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஆறில் நாலு நாம்பன். ஒவ்வொரு நாம்பனுக்கும் சாந்தா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போனாள்.

ஏழாவது இழுத்தடித்தது. நான் உணவகத்தில் லீவு எடுத்துக்கொண்டு போனேன். போய் மூன்றாம் நாள், புரட்டாதிச் சனி, காலை பத்து மணிக்கு நாகு படுத்தது. முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன. குளம்பைப் பார்த்தேன். பிறக்கப்போகும் கன்றின் குளம்பு அல்ல அது, இரண்டு மாதக் கன்றின் குளம்பு.

மிருக வைத்தியர் தூரத்தில் வேறொரு பண்ணையில் நின்றார். ழெரார் கன்று இழுக்கும் கருவியைக் கொண்டுவந்தார். நீளத் தண்டு, நடுவில் கைபிடி, காரை உயர்த்தும் ஜாக்கைப் போல ஆட்ட ஆட்ட இழுக்கும். அது என்னைவிடப் பலசாலி, ஆனால் பசு முக்குவது அதற்குத் தெரியாது.

"பொறுங்கோ" என்றேன் தமிழில். அவர் நின்றார். சவர்க்காரம் போட்டுக் கையைத் தோள்வரை கழுவிக்கொண்டு உள்ளே விட்டேன். பத்தொன்பது வருடம். கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. தலை இடுப்பெலும்புக்குள் வந்திருந்தது. தோள்தான் இறுக்கம். "ஒரு காலை மட்டும் இழுக்கச் சொல்லு. அது வந்தாப் பிறகு மற்றக் கால். அவள் முக்கேக்கை மட்டும்." அபி பிரெஞ்சில் சொன்னாள். இரண்டு பேரும் நான் சொன்ன தாளத்துக்கு இழுத்தார்கள். ஒரு தோள் வந்தது, மறுதோள் வந்தது. இடுப்பில் மறுபடியும் சிக்கியது. அபியின் முகத்தைப் பார்த்தேன். அவள் நாகின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் கால்வாசி திருப்பினேன். வழுக்கிக்கொண்டு முழுதாக என் மடியில் வந்து விழுந்தது.

மூக்குக்குள் வைக்கோல் விட்டுக் கிண்டினோம். தும்மியது. நாகு எழும்பவில்லை. அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். நான் அதன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில்தான் பரமேஸ் அக்காவின் கதையை அபிக்குச் சொன்னேன். அவளும் மறுபக்கம் இருந்து தேய்த்தாள். மத்தியானம் அளவில் நாகு பின்னங்காலை ஊன்றி, தள்ளாடி எழும்பிக் கன்றை நக்கத் தொடங்கியது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ழெரார் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அபியிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். அவள் மொழிபெயர்த்தாள்: "காளை பாக்க எனக்குத் தெரியாதாம். ஆனால் தை மாதம் நொத்தாரிட்டைப் போவமாம்." பங்காளிப் பத்திரம் எழுதும் ஆளைத்தான் சொன்னார்.

"என்ன கண்டு?" என்று அப்போதுதான் கேட்டேன். அபி வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

"நாம்பன், அப்பா."

அதே நேரம் தொலைபேசி அடித்தது. சாந்தா. விரதத்தோடு காலையிலிருந்து சாமித்தட்டுக்கு முன்னால் இருந்திருக்கிறாள்.

"என்னப்பா? நாகு இருக்கோ?"

"இருக்கு. எழும்பிட்டுது."

"கண்டு?"

"அதுவும் இருக்கு."

"என்ன கண்டு?"

என் சட்டை முழுக்க அதன் ஈரம். அது நாலு காலையும் நாலு திசையில் வைத்துக்கொண்டு எழும்பப் பார்த்தது.

"பொம்பிளை" என்றேன்.

"அப்பாடா!" என்றாள் சாந்தா. எங்கள் ஆட்களில் பொம்பிளைப் பிள்ளை பிறந்ததைக் கேட்டு ஒருவர் இப்படி மூச்சு விட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற அபி என்னைப் பார்த்தாள். தமிழ் அவளுக்கு நன்றாக விளங்கும். தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓம் அம்மா, பொம்பிளை. நல்ல வடிவு. இந்த வருசம் பிறக்கிறதுக்கு R எழுத்திலை பேர் வைக்கவேணும். நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ."

சாந்தா நாட்காட்டியைப் பார்க்கும் சத்தம் கேட்டது. "இண்டைக்கு ரேவதி நட்சத்திரம். ரேவதி எண்டு வையுங்கோ."

அபி பதிவுப் புத்தகத்தை எடுத்து ரேவதி என்று எழுதினாள். பால் என்ற கட்டத்தில் ஆண் என்று எழுதினாள்.

8

வதிவிட அட்டை வந்துவிட்டது, இன்னும் பத்து வருடத்துக்கு. அபி இப்போது பண்ணையில் பங்காளி. சாந்தா சொந்தக்காரரிடம் மிருக வைத்தியம் மாதிரி என்று சொல்வதில்லை. "பிள்ளைக்கு மாட்டுப் பண்ணை இருக்கு" என்கிறாள். ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றிவிட்டு, "ரேவதி எப்பிடியாம்?" என்று கேட்பாள். "நல்லாய் இருக்கிறாளாம்" என்பேன்.

லொறி இந்த ஆடியில் வந்தது. அபி சொல்லித்தான் தெரியும். அன்று நான் வேலைக்குப் போய் அடுப்பின் முன்னால் நின்றேன். வேறு என்ன செய்வது? அந்த வெள்ளியும் "நல்லாய் இருக்கிறாளாம்" என்றேன். நான் செய்வது சரியா பிழையா என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை சாந்தாவுக்கு எல்லாம் தெரியுமோ என்றும் சிலவேளை நினைப்பதுண்டு.

போன கிழமை அவள் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு, "இந்த லீவுக்கு நானும் வாறன். எனக்கு ரேவதியைப் பாக்கவேணும்" என்றாள். ஒருநாளும் அந்தப் பண்ணைப் பக்கம் வரமாட்டேன் என்றிருந்தவள். நான் தேநீர் வாங்கப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கி, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று மகளுக்கு எடுத்தேன்.

"அபி, அம்மா வாறாவாம். ரேவதியைப் பாக்கவேணுமாம். இப்ப என்ன செய்யிறது?"

அவள் மெதுவாகச் சொன்னாள்:

"வரச் சொல்லுங்கோ அப்பா. இஞ்சை எல்லாம் வெள்ளைதானே."